உத்திரமும் தளமும் ஒன்றாக உழைக்க: டர்பன் மண்டபங்களுக்கு எந்த இணைப்பான் பொருந்தும்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருளம், டொங்காட் போன்ற ஊர்களில் கோயில் குழுக்களும் சமூக அமைப்புகளும் திருமண மண்டபத்துக்கு மேல்தளம் எழுப்ப நினைக்கும்போது, எஃகு உத்திரத்தின் மேல் நெளிதகடு விரித்து அதன்மேல் கான்கிரீட் ஊற்றும் கூட்டுத்தள முறையையே இப்போது பொறியாளர்கள் பெரிதும் பரிந்துரைக்கிறார்கள். நடுவில் தூண் இல்லாத அகன்ற கூடம் கிடைப்பதாலும், கீழே மரச்சாரம் கட்ட வேண்டிய தேவை குறைவதாலும், சரிவான நிலத்தில் பணி விரைவாக முடிவதாலும் இந்தப் பரிந்துரை பெரும்பாலும் சரியானதே. ஆனால் விலைப்புள்ளிகள் வந்து சேர்ந்ததும், "ஷியர் ஸ்டட்" என்ற ஒற்றை வரிக்கு எதிரே மூன்று ஒப்பந்தக்காரர்கள் மூன்று வேறு முறைகளையும் மூன்று வேறு தொகைகளையும் எழுதியிருப்பதைக் கண்டு குழுவினர் குழம்புகிறார்கள். அந்த ஒற்றை வரியில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இரண்டு பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நடுவில் அழுத்தினால் அவை ஒன்றின்மேல் ஒன்று சறுக்கிக்கொண்டே தனித்தனியாக வளையும். இடையில் ஆணிகள் அடித்துச் சறுக்கலைத் தடுத்துவிட்டால் அவை ஒரே தடித்த பலகையாக வளைவை எதிர்க்கும். எஃகு உத்திரத்துக்கும் கான்கிரீட் தளத்துக்கும் இடையே அந்தச் சறுக்கலைத் தடுக்கும் பொருளே வெட்டுவிசை (ஷியர்) இணைப்பான். அதில் உலகெங்கும் மிகுதியாகப் பயன்படுவது 19 மி.மீ. விட்டமுள்ள தலைகொண்ட ஸ்டட், அதாவது உத்திரத்தின்மேல் செங்குத்தாக நிற்கும் எஃகு முளை. அதன் தலை, கான்கிரீட் மேல்நோக்கிப் பிரிந்து எழும்புவதைத் தடுக்கிறது. அதன் தண்டு சறுக்கலை எதிர்க்கிறது.

இது எவ்வளவு மிச்சப்படுத்தும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் பார்க்கலாம். 10 மீட்டர் அகலமும் 20 மீட்டர் நீளமும் கொண்ட மண்டபத்தில், 2.5 மீட்டருக்கு ஒன்றாக உத்திரங்கள், 60 மி.மீ. உயர நெளிதகட்டின்மேல் மொத்தம் 130 மி.மீ. தளம், மக்கள் கூடும் இடத்துக்குரிய சதுர மீட்டருக்கு 5 கிலோநியூட்டன் பளு என்று கொள்வோம். கூட்டுச்செயல் இருந்தால், அதாவது உத்திரமும் தளமும் ஒன்றாக உழைத்தால், மீட்டருக்கு 39 கிலோ எடையுள்ள 406×140 அளவு உத்திரம் வலிமைக் கணக்கில் போதும். கூட்டுச்செயல் இல்லாமல் எஃகு மட்டுமே சுமப்பதானால் மீட்டருக்கு ஏறத்தாழ 67 கிலோ உத்திரம் வேண்டியிருக்கும். ஓர் உத்திரத்துக்கு 280 கிலோ எஃகு மிச்சம். ஒன்பது உத்திர வரிசைகளுக்கு இரண்டரை டன் அளவில் ஆகிறது. இணைப்பான்களுக்காகச் செலவிடும் தொகையை இந்த மிச்சத்தோடுதான் ஒப்பிட வேண்டுமே தவிர, ஒரு ஸ்டட்டின் விலையை இன்னொரு ஸ்டட்டின் விலையோடு ஒப்பிடுவதில் பயனில்லை. இந்த ஒப்பீட்டிலிருந்தே முதல் முடிவும் கிடைத்துவிடுகிறது: தளம் சிறியதாக, ஐந்தாறு மீட்டர் நீளமுள்ள நான்கைந்து உத்திரங்களோடு முடிவதாக இருந்தால், எஃகைச் சற்றுக் கனமாக வாங்கிக்கொண்டு இணைப்பான் கணக்கையே விட்டுவிடுவது நல்லது. மேடைக்குப் பின்னால் வரும் சிறு இடைத்தளங்களுக்கு இதையே நான் சொல்லி வருகிறேன்.

பெரிய தளத்துக்கு வருவோம். முதல் வழி, உத்திரங்களைத் தூக்கி நிறுத்தி, தகட்டை விரித்தபின், களத்திலேயே தகட்டின் ஊடாக ஸ்டட்டை உத்திரத்தோடு பற்றவைப்பது. ஸ்டட்டின் அடிமுனையில் சிறு அலுமினியத் துண்டு இருக்கும். அதைச் சுற்றி ஒரு பீங்கான் வளையம் வைக்கப்படும். துப்பாக்கி போன்ற கருவி ஸ்டட்டைச் சற்றுத் தூக்கி மின்வில்லை எழுப்பி, ஏறத்தாழ ஒரு விநாடி நேரத்தில் ஸ்டட்டின் நுனியையும் உத்திரத்தின் மேற்பரப்பையும் உருக்கி, ஸ்டட்டை அந்த உருகிய குழம்புக்குள் அழுத்திவிடும். இதில் ஸ்டட்டின் நீளம் சில மில்லிமீட்டர் கரைந்து குறையும். ஆகையால் வரைபடத்தில் எழுதும் உயரம் பற்றவைத்த பின்னுள்ள உயரமா, வாங்கும்போதுள்ள உயரமா என்பதைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். இந்த முறையின் வேர், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கலிஃபோர்னியாவின் கப்பல் தளத்தில் டெட் நெல்சன் என்பவர் மரத்தளங்களை எஃகுத் தட்டில் பொருத்துவதற்காக உருவாக்கிய கருவியில் இருக்கிறது. கட்டடங்களுக்கு உரிய வலிமைக் கணக்கைப் பின்னாளில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் சோதனைகள் தந்தன. குறிப்பாக 1971-இல் லீஹை பல்கலைக்கழகத்தின் ஒல்கார்ட், ஸ்லட்டர், ஃபிஷர் ஆகியோர் வெளியிட்ட சமன்பாடு, கனடா நாட்டு நெறியின் வழியாக, அந்நெறியைத் தழுவி எழுதப்பட்ட தென்னாப்பிரிக்காவின் எஃகுக் கட்டுமான நெறியான சான்ஸ் 10162-க்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

இந்த வழியின் பெரிய பலம் தகடு அறுபடாமல் பல உத்திரங்களின்மேல் தொடர்ந்து செல்வதாகும். தொடர்ச்சியான தகடு ஈரக் கான்கிரீட்டைக் குறைந்த தொய்வோடு சுமக்கிறது. உத்திரத்தோடு அதுவும் சேர்த்தே பற்றவைக்கப்படுவதால் ஸ்டட்டைச் சுற்றியுள்ள கான்கிரீட்டுக்கும் ஒரு பிடிப்புக் கிடைக்கிறது. தொழிலாளர்களும் ஸ்டட்டுகள் துருத்தி நிற்காத வெறும் உத்திரத்தின்மேல் நடந்து தகட்டை விரிக்க முடிகிறது. இந்தப் பாதுகாப்புக் காரணத்துக்காகவே அமெரிக்கா 2001-இல், உத்திரங்களில் முன்கூட்டியே ஸ்டட் பொருத்துவதை எஃகு நிறுத்தும் பணிகளில் தடை செய்தது.

பலவீனமும் அதே களத்தில்தான் இருக்கிறது. 19 மி.மீ. ஸ்டட்டுக்கு 1,500 ஆம்பியருக்கும் மேற்பட்ட மின்னோட்டம் வேண்டும். கோயில் வளாகத்தின் சாதாரண மின்னிணைப்பு அதற்குப் போதாது. பெரிய ஜெனரேட்டரோடு வண்டி வர வேண்டும். மின்வெட்டுக் காலங்களைக் கண்டுவந்த நமக்கு ஜெனரேட்டர் புதிதல்ல. ஆயினும் சாட்ஸ்வொர்த்தின் செங்குத்தான குறுகலான தெருக்களில் அந்த வண்டி எங்கே நிற்கும், அங்கிருந்து தளத்தின் கடைக்கோடி வரை கேபிள் எவ்வளவு நீளம் போகும் என்பதை முன்னரே அளந்து பார்க்க வேண்டும். கேபிள் நீண்டால் மின்னோட்டம் குறையும். மின்னோட்டம் குறைந்தால் வெளியே நன்றாகத் தெரிகிற பற்றவைப்பு உள்ளே பாதி ஒட்டியதாக இருக்கும்.

ஈரம் அடுத்த எதிரி. அக்டோபரிலிருந்து மார்ச் வரை நம் கடற்கரையில் மழையும் புழுக்கமும் சேர்ந்தே வரும். தகட்டின் பள்ளத்தில் தேங்கிய நீரும், தகட்டுக்கும் உத்திரத்துக்கும் இடையே ஒளிந்த நீரும் பற்றவைக்கும் நொடியில் ஆவியாகி உலோகத்துக்குள் துளைகளை உண்டாக்கும். பீங்கான் வளையங்கள் நனைந்திருந்தால் அவற்றை 120 பாகை செல்சியசில் இரண்டு மணி நேரம் உலர்த்த வேண்டும் என்று அமெரிக்கப் பற்றவைப்பு நெறி சொல்கிறது. அந்த அடுப்பைக் களத்தில் நான் காண்பது அரிது. ஆகவே வளையங்களைத் திறக்காத பெட்டியில் உலர்ந்த அறையில் வைத்து, அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும் ஒழுங்கையாவது வற்புறுத்த வேண்டும்.

இவற்றைவிட முக்கியமானது உத்திரத்தின் மேற்பூச்சு. தகட்டின் மெல்லிய துத்தநாக முலாமை மின்வில் எரித்துக் கடந்துவிடும். உத்திரத்தின்மேல் பெயிண்டோ தடித்த துத்தநாக முலாமோ இருந்தால் கடக்காது. ஆகவே இந்த வழியைத் தேர்ந்தால் உத்திரத்தின் மேல்பட்டையைப் பூச்சில்லாமல் விட்டே களத்துக்குக் கொண்டுவர வேண்டும். கடலிலிருந்து விலகிய உள்பகுதிகளில் இது பெரிய சிக்கல் அல்ல. கடலை ஒட்டிய இடங்களில், உப்புக்காற்றுக்கு அஞ்சி உத்திரம் முழுவதையும் துத்தநாகத் தொட்டியில் முக்கியெடுக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அப்படி முக்கியெடுத்த உத்திரத்தின்மேல் தகட்டின் ஊடாகப் பற்றவைக்க முயல்வது தவறு. இந்த முரண்பாட்டை விலைப்புள்ளியில் யாரும் எழுதுவதில்லை. எஃகுப் பட்டறைக்காரர் முலாமுக்கு விலை தருகிறார், ஸ்டட் ஒப்பந்தக்காரர் பற்றவைப்புக்கு விலை தருகிறார், இருவரும் களத்தில்தான் முதன்முதலாகச் சந்திக்கிறார்கள்.

இரண்டாம் வழி, ஸ்டட்டுகளைப் பட்டறையிலேயே உத்திரத்தோடு பற்றவைத்து, அதன்பின் முலாம் பூசிக் கொண்டுவருவது. உலர்ந்த கூரையின்கீழ், நிலையான மின்சாரத்தோடு, உத்திரம் இடுப்பளவு உயரத்தில் கிடக்கையில் செய்யும் பற்றவைப்பு களத்தில் செய்வதைவிடச் சீராக அமையும், சோதிப்பதும் எளிது. ஆனால் தகடு விரிக்கும்போது விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. ஸ்டட்டின் தலை 32 மி.மீ. அகலமுள்ளது. அத்தனை தலைகளும் நுழையும்படி தகட்டில் துளையிட்டு, ஒவ்வொரு தகட்டையும் வரிசையாக மேலிருந்து இறக்குவது காகிதத்தில் எளிது, களத்தில் மிகக் கடினம். ஓர் உத்திரம் பத்து மில்லிமீட்டர் விலகியிருந்தாலும் தகடு இறங்காது. ஆகவே பெரும்பாலோர் தகட்டை உத்திரத்துக்கு உத்திரம் துண்டாக வெட்டி, ஸ்டட் வரிசையின் இருபுறமும் உட்கார வைக்கிறார்கள். இருபுறமும் 50 மி.மீ. தாங்கல் கொடுத்தால் 140 மி.மீ. மேல்பட்டையில் நடுவே எஞ்சுவது 40 மி.மீ. மட்டுமே. ஒற்றை வரிசை ஸ்டட்டுக்கு அது போதும். இரட்டை வரிசைக்கு இடமில்லை. துண்டான தகடு தொடர்ச்சியை இழப்பதால் தொய்வும் கூடும், 2.5 மீட்டர் இடைவெளியில் பெரும்பாலான தகடுகள் தாங்கிவிடும், 3 மீட்டரைத் தாண்டினால் கான்கிரீட் இறுகும்வரை நடுவில் முட்டுக் கொடுக்க நேரிடும்.

வலிமையிலும் வேறுபாடு உண்டு. இரண்டையும் ஒரே அளவுகோலில் வைப்பதற்காக ஐரோப்பிய கூட்டுக்கட்டுமான நெறியின்படி, 25 மெகாபாஸ்கல் உருளை வலிமையுள்ள கான்கிரீட்டில் கணக்கிட்டால், நெளிதகடு இல்லாத திண்ணிய தளத்தில் நிற்கும் 19 மி.மீ. ஸ்டட்டின் வடிவமைப்பு வலிமை ஏறத்தாழ 74 கிலோநியூட்டன். குறுக்காகச் செல்லும் நெளிதகட்டின் பள்ளத்தில் அது நிற்கும்போது, அந்த வலிமையைக் குறைக்கும் பெருக்கெண்ணான குறைவு காரணி சேர்கிறது: 1 மி.மீ. வரை தடிமனுள்ள தகட்டின் ஊடாகப் பற்றவைத்த ஒற்றை ஸ்டட்டுக்கு அதன் உச்ச அளவு 0.85; துளையிட்ட தகட்டில் 0.75. அதாவது முறையே 63-உம் 55-உம் கிலோநியூட்டன். 300 மி.மீ. இடைவெளியில் பள்ளங்கள் இருந்தால் உத்திரத்தின் ஒவ்வொரு பாதியிலும் 16 ஸ்டட்டுகள் அமையும். எடுத்துக்காட்டு உத்திரத்தின் எஃகு தாங்கக்கூடிய முழு இழுவிசை ஏறத்தாழ 1,764 கிலோநியூட்டன். தகட்டின் ஊடான முறையில் அதில் 57 விழுக்காட்டையும், துளை முறையில் 50 விழுக்காட்டையும் இணைப்பான்கள் கடத்துகின்றன. 10 மீட்டர் நீளத்துக்கு அந்நெறியின் பொது விதி கேட்கும் குறைந்தபட்சம் 55 விழுக்காடு. ஒரே ஸ்டட், ஒரே எண்ணிக்கை. ஒரு முறையில் தேறுகிறது, மறு முறையில் தவறுகிறது. துளை முறையில் தேற வேண்டுமானால் ஒவ்வொரு பாதியிலும் மூன்று பள்ளங்களிலாவது இரட்டை ஸ்டட் வைக்க வேண்டும். தகட்டைத் துண்டாக வெட்டி உட்கார வைத்தாலும் நான் இதே குறைந்த காரணியையே எடுத்துக்கொள்வேன், அப்போது இரட்டை ஸ்டட்டுக்காக அகன்ற மேல்பட்டையுள்ள உத்திரத்துக்கு மாற வேண்டியிருக்கும். ஆகவே வடிவமைப்பு முடிந்தபின், "களத்தில் வேண்டாம், பட்டறையில் செய்துவிடுகிறோம்" என்று ஒப்பந்தக்காரர் மாற்றிக் கேட்டால், பொறியாளர் மீண்டும் கணக்கிட்டுக் கையொப்பமிடாமல் ஒப்புக்கொள்ளக் கூடாது.

மூன்றாம் வழி ஆணியால் பொருத்தும் இணைப்பான்கள். ஹில்ட்டி நிறுவனத்தின் எல் வடிவ இணைப்பான் இவ்வகையில் பரவலாக அறியப்பட்டது. வெடிமருந்துத் தோட்டாவால் இயங்கும் கருவி, ஓர் இணைப்பானுக்கு இரண்டு ஆணிகளை எஃகுக்குள் செலுத்துகிறது. மின்சாரம் வேண்டாம், பீங்கான் வளையம் வேண்டாம், முலாம் தடையாகாது. குறை வலிமையில் இருக்கிறது: ஒன்றின் வடிவமைப்பு வலிமை 30 கிலோநியூட்டனுக்கு உட்பட்டதே. ஒரு ஸ்டட்டின் வேலைக்கு இரண்டு அல்லது மூன்று வேண்டும். 10 மீட்டர் உத்திரத்தில் பள்ளத்துக்கு ஒன்று என்று வைத்தால் மேலே சொன்ன 55 விழுக்காட்டை எட்டவே எட்டாது. ஆனால் பழைய மண்டபத்தைப் பலப்படுத்தும் பணியில், பற்றவைப்புத் தீப்பொறிக்குக் கீழே மரவேலைப்பாடும் திரைச்சீலைகளும் இருக்கும் இடத்தில், அல்லது பழைய உத்திரத்தின் எஃகு பற்றவைப்புக்கு உகந்ததா என்பது சோதிக்கப்படாத நிலையில், இதைவிட நல்ல வழி இல்லை. வெடிமருந்துக் கருவிகளுக்கு தென்னாப்பிரிக்காவின் 2014-ஆம் ஆண்டுக் கட்டுமான விதிமுறைகளில் தனிப் பிரிவு உண்டு. பயிற்சி பெற்றவர் மட்டுமே அவற்றைக் கையாளலாம்.

நான்காவதாக, சி வடிவ எஃகுச் சட்டத்தைச் சிறு துண்டுகளாக வெட்டி, சாதாரண வெல்டிங் கருவியால் உத்திரத்தின்மேல் பற்றவைப்பது. ஸ்டட் வருவதற்கு முன்பிருந்தே வழங்கும் முறை இது. தென்னாப்பிரிக்க நெறியிலும் இதற்குரிய சமன்பாடு உண்டு. நெளிதகடு இல்லாமல் மரப்பலகை அடித்துத் திண்ணிய தளம் போடும் இடத்தில் இதற்கு நான் முதலிடமே கொடுப்பேன், ஏனெனில் உள்ளூர் வெல்டர் யாரும் செய்யலாம், குறையைக் கண்ணாலேயே காணலாம். நெளிதகட்டோடு சேர்த்தால் பட்டறை ஸ்டட்டின் எல்லாச் சிக்கல்களும் இதற்கும் வரும்.

விலைப்புள்ளியில் எழுதப்படாமல் களத்தில் தலைகாட்டும் ஒரு வழியையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஸ்டட் வரத் தாமதமானால், மிஞ்சிக் கிடக்கும் ஒய் 16 என்னும் 16 மி.மீ. கான்கிரீட் கம்பியை எல் வடிவில் வளைத்துப் பற்றவைத்துவிடலாம் என்று சிலர் முன்வருகிறார்கள். நாம் வாங்கும் உயர்வலிமைக் கம்பிகள் எல்லாமே பற்றவைப்புக்கு உகந்த வேதிக்கலவை கொண்டவை அல்ல. கார்பன் மிகுந்த கம்பியைப் பற்றவைத்தால் வெப்பம் பட்ட பகுதி நொறுங்கும் தன்மை பெறும். ஸ்டட்டின் சிறப்பே, அது உடைவதற்குமுன் சில மில்லிமீட்டர் வளைந்து கொடுத்துப் பளுவை அடுத்த ஸ்டட்டோடு பகிர்ந்துகொள்வதில் இருக்கிறது; ஐரோப்பிய நெறி 6 மி.மீ. சறுக்கலைத் தாங்குவதையே நெகிழ்வின் அளவுகோலாக வைத்திருக்கிறது. கம்பி கொக்கி அந்தப் பண்பைத் தருமென்பதற்கு எந்த உறுதியும் இல்லை. ஆயிரம் பேர் கூடி ஆடும் தளத்துக்கு இதை ஒருபோதும் அனுமதிக்கக் கூடாது.

இவற்றையெல்லாம் எடைபோட்டால் என் தேர்வு இப்படி அமைகிறது. கடலிலிருந்து விலகிய சாட்ஸ்வொர்த் போன்ற பகுதியில், மேல்பட்டையை மட்டும் விட்டுவிட்டுப் பெயிண்ட் பூசிய உத்திரங்களோடு, எடுத்துக்காட்டில் கண்டதுபோல் ஏறத்தாழ 300 ஸ்டட்டுகள் வேண்டிய மண்டபத்துக்குக் களத்தில் தகட்டின் ஊடாகப் பற்றவைப்பதே சிறந்தது. தேர்ந்த குழு இதனை ஒரே நாளில் முடித்துவிடும். வண்டியும் ஜெனரேட்டரும் வந்துபோகும் செலவு ஸ்டட்டின் செலவையே மிஞ்சக்கூடும் என்றாலும், இரண்டரை டன் எஃகின் மிச்சமும் தொடர்ச்சியான தகட்டின் பயனும் அதை ஈடுசெய்கின்றன. கடற்கரையை ஒட்டிய கட்டடமாக இருந்து உத்திரங்களுக்குத் துத்தநாக முலாம் உறுதியானால், தொடக்கத்திலேயே பட்டறை ஸ்டட் என்று முடிவுசெய்து, அதற்குரிய குறைந்த காரணியோடும் அகன்ற மேல்பட்டையோடும் வடிவமைக்க வேண்டும். பழைய கட்டடத்துக்கு ஆணி. திண்ணிய தளத்துக்குச் சட்டத்துண்டு.

முதல் வழியைத் தேர்ந்தால் ஒப்பந்தத்தில் எழுத வேண்டிய சோதனைகள் எளியவை, செலவில்லாதவை. ஒவ்வொரு நாள் பணியின் தொடக்கத்திலும் முதல் இரண்டு ஸ்டட்டுகளைச் சுத்தியலால் 30 பாகை வளைத்துப் பார்க்க வேண்டும். பற்றவைப்பு விரிசல் விடாமல் நின்றால்தான் அன்றைய பணி தொடரலாம். மழைக்குப்பின் மீண்டும் தொடங்கும்போதும், கேபிளின் நீளம் மாறும்போதும் இதைத் திரும்பச் செய்யுமாறு எழுதுங்கள். பீங்கானை உடைத்தெடுத்தபின் ஒவ்வொரு ஸ்டட்டின் அடியிலும் உருகிய உலோகம் முழு வட்டமாகக் கழுத்துப்போல் படிந்திருக்க வேண்டும். எங்கேனும் அந்த வளையம் குறைந்திருந்தால், குறைந்த பக்கத்துக்கு எதிர்த்திசையில் 15 பாகை வளைத்துப் பார்க்க வேண்டும், அல்லது குறைந்த இடத்தைத் தாழ்ஹைட்ரஜன் வகை வெல்டிங் குச்சியால் 8 மி.மீ. பற்றவைப்புக் கொண்டு நிரப்ப வேண்டும். வளைந்தும் விரிசல் விடாத ஸ்டட்டை நிமிர்த்த வேண்டியதில்லை. அப்படியே கான்கிரீட்டுக்குள் விட்டுவிடலாம்.

இன்னொன்று வரைபடத்தில் தவறாமல் இருக்க வேண்டியது. பல தகடுகளின் பள்ளத்தில் நடுவே ஒரு மடிப்பு ஓடுவதால் ஸ்டட்டை நடுவில் வைக்க முடியாது. அதன் ஒரு பக்கத்தில்தான் வைக்க வேண்டும். உத்திரத்தின் நடுப்பகுதியிலிருந்து விலகி, தாங்கும் தூணை நோக்கிய பக்கத்தில் வைத்தால் ஸ்டட்டுக்கு முன்னே கான்கிரீட் மிகுதியாக இருந்து வலிமை கூடும்; மறுபக்கத்தில் வைத்தால் தகட்டின் சுவரை ஒட்டி நின்று வலிமை கணிசமாகக் குறையும். பற்றவைப்பவர் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரே பக்கமாக வைத்துக்கொண்டே போவது இயல்பு. அப்படிப் போனால் உத்திரத்தின் ஒரு பாதி சரியாகவும் மறு பாதி தவறாகவும் அமைந்துவிடும். உத்திரத்தின் நடுவில் தகட்டின்மேல் சுண்ணக்கட்டியால் ஒரு கோடிட்டு, அந்தக் கோட்டில் பக்கம் மாற வேண்டும் என்று வரைபடத்திலேயே அம்புக்குறியோடு காட்டிவிடச் சொல்லுங்கள்.